கேட்டுப் பார்க்காமல் பீர் ஊற்றிய இன்ஜின்

எல் ஆல்ட்டோ

அன்பு மகன் ரோமுலோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் மூச்சோடு இருக்கிறோம், நலம் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. நீ அந்தத் தையல் பட்டறையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். போனில் திட்டினால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி, நீ இருக்கிற சாவோ பாவ்லோவுக்கு வருகிற பக்கத்து வீட்டு நசாரியா கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படி.

நேற்று போனில் அப்பாவிடம் என்ன கேட்டாய்? "ஏம்ப்பா, யாராவது இப்படி மட்டமான பழைய இன்ஜினை வாங்குவாங்களா, உங்களுக்கு அறிவில்லையா" என்றாய். அவர் சிரித்து மழுப்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார்னிவலுக்கு வருகிறேன் என்று சொன்னது யார்? நம் மினிபஸ் ஈர விறகு அடுப்பு மாதிரி புகைந்துகொண்டிருந்தது, ஏற்றத்தில் ஆட்கள் இறங்கி, "பெரியவரே, நாங்க முன்னாடி நடக்கிறோம், நீங்க மெதுவா வாங்க" என்று கேலி செய்தார்கள். இத்தனை வருஷம் கழித்து வர்ற பிள்ளையை இந்தப் புகையிலயா கூட்டிட்டு வர்றது என்று இந்த மனுஷன் சந்தைக்கு ஓடினார். யார் கடைக்கு? உன் ஞானத்தகப்பன் புருதென்சியோ கடைக்கு. ஒரு பழைய இன்ஜினுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து மினுமினுவென்று வைத்திருந்தான். ஓடவிட்டுக் கேளுங்கள் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். "நம்ம பையனுக்கு ஞானஸ்நானத்துல கைபிடிச்சவனைச் சந்தேகப்படறதா" என்று சொல்லி, அங்கேயே பூமித்தாய்க்கு முதல் மடக்கைத் தரையில் விட்டு, இன்ஜின் மேல் பீர் தெளித்து, காகிதப்பூ தூவி, சல்லாச் சடங்கை முடித்துவிட்டார். பீர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் களவாணிதான்!

புது இன்ஜினோடு, வண்டி முழுக்க வண்ணத்தாள் தொங்கவிட்டு, உன்னைக் கூட்டிவர பஸ் நிலையம் போனார். நீ வரவில்லை. வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? கடைசி பஸ் வரை மழையில் நின்றுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது, ஏற்றத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. அதில் கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி விற்றிருக்கிறான் பாவி. திருப்பிக் கொண்டுபோனால், "சல்லா பண்ணினதைத் திரும்ப வாங்கினா பூமித்தாய் என்னைச் சும்மா விடுவாளா தங்கச்சி" என்கிறான். உன் அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கிளம்புவேனா? பாவாடையை விரித்து அவன் கடை வாசலிலேயே உட்கார்ந்தேன். வந்தவன் போனவனிடமெல்லாம், "ஞானப்பிள்ளையோட அப்பனையே ஏமாத்தினவன்யா, உன்னை விடுவானா" என்றேன். மதியத்துக்குள் வேறு இன்ஜின் வெளியே வந்தது. அதை ஓடவிடச் சொல்லி, காது வைத்துக் கேட்ட பிறகுதான் எழுந்தேன். இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது.

ஆனால் இதற்கு உன் அப்பா சல்லா செய்ய மாட்டேன் என்கிறார். பீர் பாட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கேட்டால், "என் பையன் வந்து ஊத்தட்டும்" என்று ஒரே பேச்சு. பூமித்தாய்க்கு ஒரு சொட்டு விடாத வண்டியில் தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்குகிறார், அவர் வீடு திரும்பும் வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. அறிவைப் பற்றி அப்புறம் பேசு, முதலில் வா.

மாதா உன்னைக் காக்கட்டும். குளிரில் வெறும் காலோடு தையல் மெஷினை மிதிக்காதே. வருகிற நாளை எனக்கு மட்டும் சொல், அவரிடம் சொல்லாதே. இன்னொரு தடவை அவர் மழையில் நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது.

கோபம் தீராத உன் அம்மா,
பசிலியா