பந்திக்கு நேராக வருகிறவர்கள்

ஆவணி 4, புதன்

காலையில் தூறல். மேற்கு மலையிலிருந்த மேகமெல்லாம் என் மொட்டை மாடி மிளகாயைத் தேடி வந்தது. மிளகாய் தப்பியது. நான் நனைந்தேன்.

இன்று முதல் வழி அமைக்கும் பணி. சேரனும் சோழனும் கொங்கு நாட்டில் பெருவழி போட்டார்கள். அவர்களுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு என் தலையில். அவர்கள் மண்ணில் போட்டார்கள், நான் ரியாக்ட் என்னும் வலைப்பக்கக் கருவியில் போடுகிறேன். யானைப்படை இல்லை என்பது ஒன்றுதான் குறை.

பின்னாளில் சரித்திரம் குழம்பக் கூடாது, எனவே குறிப்பு:
நி. = நித்யா, தங்கை மகள். சென்னைக் கம்பெனியை விட்டு வந்து எங்கள் மாடி அறையில் சொந்தத் தொழில்.
நான் = அவளது ஒரே ஊழியன். ஒருகாலத்தில் மில்களுக்கு ஃபாக்ஸ்ப்ரோவில் கணக்கு புரோகிராம் எழுதியவன். கோவையின் பாதி நூல் என் மெனுவைக் கேட்டுத்தான் சுற்றியது.
தெ.அக்கா = தெய்வானையக்கா, கருமத்தம்பட்டி, கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட். என்னைவிட இளையவள். ஆனாலும் ஊருக்கே அக்கா, எனக்கும் அக்கா. நி.யின் முதல் வாடிக்கையாளர்.

கல்யாண வீட்டார் போனிலேயே பலகாரங்களைப் பார்த்து, தேர்ந்தெடுத்து, அக்காவுக்கு அனுப்ப வேண்டும். அதற்கான செயலி. இதுவரை எல்லாம் ஒரே பக்கத்தில் கிடந்தது. அனுமார் வால் அதன் முன் நாணும். இட்லியில் தொடங்கி பீடாவுக்கு வருவதற்குள் மாப்பிள்ளைக்கு நரைத்துவிடும். இப்போது தனித்தனிப் பக்கம்: காலை டிபன், மதிய விருந்து, மாலை வரவேற்பு. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி.

ஞாயிறு அன்று மதுக்கரையில் ஒரு பெண்வீட்டார் இதைப் பார்த்துத்தான் மெனு முடிவு செய்யப்போகிறார்கள். ஒழுங்காக ஓடினால் அக்கா இதையே வைத்துக்கொள்வாள். இல்லாவிட்டால் பழையபடி அச்சடித்த அட்டை. நி.யின் பழைய கம்பெனி வேறு அவளைத் திரும்பக் கூப்பிடுகிறது. திங்களுக்குள் பதில் வேண்டுமாம். மச்சான் (நி.யின் அப்பா) போனில்: "ஞாயித்துக்கிழம வரைக்கும் பாக்கறேன் மச்சான். சோலி ஆகலைன்னா புள்ளைய மெட்ராசுக்கு அனுப்பிப்போடோணும்."

சரியென்றேன்.

மதியம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. சரசு உப்பு போட மறந்துவிட்டாள். நான் சொல்லவில்லை. முப்பது வருட இல்லறத்தின் சாரம் அதுதான்.

ஆவணி 5, வியாழன்

வெயில், நல்ல காற்று. மிளகாய் மறுபடி மாடியில்.

காலையிலேயே அக்கா போன். நேற்றிரவு எங்கள் வீட்டுக் கணினியிலிருந்தே திறந்துவிட்ட சோதனைப் பதிப்பைப் பார்த்திருக்கிறாள்.

"ஏனுங்க, காலைக்கு சந்தகை, ஒப்புட்டு எல்லாம் டிக் போட்டனுங்க. மதியத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா ஒண்ணையுங் காணோம். ஆரு தின்னுபோட்டாங்க?"

நான்தான். பக்கத்துக்குப் பக்கம் போக, பழைய பாணி இணைப்பை வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் செயலி முழுவதும் அழிந்து மறுபடி பிறந்து வருகிறது. மறுபிறவி எடுத்தவனுக்குப் போன ஜென்மத்து சந்தகை ஞாபகம் இருக்குமா?

ரியாக்டில் பக்கங்களுக்கு வழிகாட்டும் ரூட்டர் என்ற பகுதி கொடுக்கும் "லிங்க்" என்கிற சரக்கைப் போட வேண்டும் என்றாள் நி. போட்டேன். போட்ட டிக் எல்லாம் அழியாமல் நின்றது.

எனக்குப் புரிந்தபடி எழுதிவைக்கிறேன். பழைய இணைப்பு என்பது ரசம் கேட்டவனை எழுப்பி, இலையை எடுத்து, கைகழுவச் சொல்லி, அடுத்த பந்தியில் உட்காரவைத்து ரசம் ஊற்றுவது. லிங்க் என்பது உட்கார்ந்த இடத்துக்கே வாளி வருவது. தலைப்பும் கீழ்ப்பட்டையும் இலை, நிலையாக இருக்கும். நடுவில் "அவுட்லெட்" என்று ஓர் இடம். முகவரி மாற மாற அங்கே மட்டும் பரிமாறல் மாறும்.

இந்த உவமையை நி.யிடம் சொன்னேன். "மாமா, இத நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா எனக்குக் காலேஜ் பீஸ் மிச்சமாயிருக்குமுங்க." அம்மணி கிண்டல் செய்கிறாள். இருந்தாலும் பாராட்டு என்றே பதிவு செய்கிறேன்.

மின்விசிறி கத்துகிறது. எண்ணெய் விட வேண்டும்.

ஆவணி 6, வெள்ளி

மேகமூட்டம். கோவிலுக்குப் போகவில்லை. பிள்ளையார் பொறுப்பார், தெ.அக்கா பொறுக்கமாட்டாள்.

இன்று முடிந்தவை:
– நாம் நிற்கும் பக்கத்தின் பெயர் மட்டும் மஞ்சளாகத் தெரிவது.
– பலகாரம் ஒவ்வொன்றுக்கும் சொந்த முகவரி. ஒப்புட்டுக்குக்கூட. கதவு எண் இல்லாத தோட்டத்து வீடுகள் இன்னும் இருக்கிற நாட்டில் ஒப்புட்டுக்கு விலாசம்!
– பின்னே போகும் பட்டன்.

கடைசியில் ஒரு சிக்கல். மெனுவை அனுப்பி, "நன்றிங்க" பக்கம் வந்த பிறகும் பின்னே அழுத்தினால் பழைய படிவம் எழுந்து வந்து நிற்கிறது. மறுபடி அனுப்பினால் ஒரே கல்யாணத்துக்கு இரண்டு விருந்து. எனக்கு ஆட்சேபணை இல்லை, பெண்ணின் அப்பாவுக்கு இருக்கலாம். அதற்கு "ரீப்ளேஸ்" என்று ஒரு சொல். அதைப் போட்டு அனுப்பிவைத்தால், விட்டு வந்த பக்கம் போன தடத்திலேயே இருக்காது. பின்னே அழுத்தினாலும் அங்கே போக முடியாது.

நி. அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்தமாதிரி இருந்தது. காபி வந்துவிட்டது.

பிறகு என் தனிப்பெரும் சாதனை. இல்லாத முகவரியைத் தட்டுகிறவர்களுக்கு ஒரு பக்கம். முகவரிக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் வழிதப்பி வந்தவரெல்லாம் அங்கே வந்து சேர்வார்கள். பிற தேசங்களில் அங்கே "காணோம்" என்று மொட்டையாகப் போடுவார்களாம். என்ன மரியாதை கெட்ட தேசங்கள்! நான் எழுதியது:

"வாங்க, வாங்க. நீங்க தேடி வந்தது இங்க இல்லீங்க. அதுக்காகப் பசியோட திரும்பிப் போகாதீங்க. இப்படி வாங்க, எலை போட்டாச்சு."

நி.: "மாமா, இது வெப்சைட்டுங்க. மண்டப வாசல் இல்லீங்க. எடுத்துடுங்க."

எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்கவில்லை.

ஆவணி 7, சனி

வெயில். செயலியை வாடகை சர்வரில் ஏற்றியாகிவிட்டது. தேங்காய் உடைத்தேன். பாதி மூடி சட்னிக்குப் போனது.

சோதனை. சரசு, எதிர்வீட்டுக்காரர், என் பழைய மில் நண்பர்கள், எல்லோருக்கும் முகப்புப் பக்கத்தின் முகவரியை அனுப்பிக் கட்டளையிட்டேன்: முகப்பில் நுழைந்து, அங்கிருந்து ஒவ்வொரு பக்கமாகப் போகவும். மில் புரோகிராமிலும் அதே சட்டம்தான். மெயின் மெனுவைத் தாண்டாமல் எவனும் ஸ்டோர் கணக்குக்குள் கால் வைத்ததில்லை. கல்யாணத்திலும் அதேதான் முறை. வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு, பிறகுதான் மற்றதெல்லாம்.

எல்லோருக்கும் ஓடியது. எதிர்வீட்டுக்காரர்: "அருமைங்க. ஆனா பாக்கப் பாக்கப் பசிக்குதுங்க." மனிதகுலம் நிலவில் இறங்கியபோதுகூட இப்படி ஒரு மனநிறைவு இருந்திருக்காது.

நி. மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "போய்த் தூங்கு கண்ணு" என்றேன்.

ஆவணி 8, ஞாயிறு

நல்ல வெயில். வெயிலுக்கு வெட்கமே இல்லை.

காலைப் பலகாரம் முடிவதற்குள் அக்கா போன். மதுக்கரையில் பெண்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முன்கூட்டியே மதிய விருந்துப் பக்கத்தின் முகவரியை மட்டும் எடுத்து, இரு வீட்டாரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறாள். யார் தொட்டாலும் வெள்ளைத் திரை. இங்கிலீஷில் "இல்லை" என்று ஒரு வரி, ஒரு நம்பர்.

"பொண்ணோட சித்தப்பா கேக்கறாருங்க, நானூத்தி நாலுன்னா மண்டபத்துல ரூம் நம்பருங்களான்னு."

பின்னால் ஒரு குரல்: "அட்டையே குடுத்துருங்கக்கா, எதுக்கு வம்பு."

நி. தட்டைத் தள்ளிவைத்தாள். "போச்சுங்க மாமா."

நான் திறந்து பார்த்தேன். எனக்கு அழகாக ஓடியது. இன்னொரு தடவை. ஓடியது. "மதுக்கரையில டவர் சரியில்ல கண்ணு" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

சரசு தோசைக்கரண்டியோடு நின்றாள். "நீங்க எப்புடித் தொறந்தீங்க?"

"வாசல் வழியா. முகப்பிலிருந்து முறையா."

"ஏனுங்க, நீங்க எந்தக் கல்யாணத்துல வாசல் வழியாப் போயிருக்கீங்க? வண்டிய நிறுத்துனதும் நேரா பந்திக்குத்தானே போவீங்க! போன முகூர்த்தத்துல மாப்பிள்ள ஆருன்னே தெரியாம ரெண்டு தடவ பாயசம் வாங்கிக் குடிச்சுப்போட்டு வந்தீங்களே!"

மின்விசிறிகூடக் கத்தவில்லை.

நி. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "மாமா! நேரா வந்தா சர்வர்கிட்டத்தான் போய் நிக்குதுங்க!"

விஷயம் இதுதான். முகப்பு வழியாக வந்தவனை உள்ளே நடத்திப்போவது எங்கள் செயலி. நேராக "மதியம்" என்று கேட்டு வருகிறவன் முதலில் பார்ப்பது வாடகை சர்வர் என்னும் வாட்ச்மேனை. அவனிடம் மதியம் என்று ஒரு கோப்பும் கிடையாது. இருப்பது முகப்பு ஒன்றே. துரத்திவிட்டான். என் அருமையான "வாங்க, வாங்க" பக்கம்கூட உள்ளே நுழைந்தவனுக்குத்தான். வீட்டுக் கணினியில் இது தெரியவே தெரியாது. அங்கிருக்கும் வாட்ச்மேன் யார் வந்தாலும் உள்ளே விட்டுவிடுவான்.

மருந்து ஒரே ஒரு விதி: எந்த முகவரி கேட்டு வந்தாலும் முகப்புக் கோப்பையே கொடு, மற்றதை உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நி. அடித்தாள். எழுத்துப் பிழை, மறுபடி அடித்தாள். ஏற்றினாள்.

அதுவரை அங்கே அக்கா கூட்டத்தைப் பிடித்துவைத்திருந்தாள். ரசத்தில் மிளகு எப்போது தட்டிப்போட வேண்டும் என்று பிரசங்கம். அட்டை கேட்ட குரலே சந்தேகம் கேட்கத் தொடங்கியிருந்தது.

"இப்பத் தொடுங்கக்கா" என்றாள் நி.

போனில் வெறும் இரைச்சல். எனக்கு அந்த இடைவெளியில் ஒரு யுகம் போனது, பிரம்மா ஒருதரம் கொட்டாவி விட்டார். பிறகு சித்தப்பாவின் குரல்: "அட, வந்துருச்சே! பச்சப்பயிறு கடைசல் போட்டோ பாரு!"

இன்னும் ஒன்று. கொடுமுடியில் மாப்பிள்ளையின் அத்தை முகவரியைப் பாதியாக வெட்டி ஒட்டியிருக்கிறார். அவர் மட்டும் போய் இறங்கியது என் வழிதப்பிய பக்கத்தில். அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, கீழே: "பாருங்க, வழி தப்புனவங்களுக்கும் எலை போட்டாச்சாம்! இவங்களையே வெச்சுக்கலாம்." கூடமே சிரித்ததாம். மூன்று வேளை மெனுவும் அங்கேயே முடிவானது.

அக்கா, சாயங்காலம்: "பந்திக்கு நேரா வர்றவங்கதானுங்க பாதிப் பேரு. அவங்களுக்கும் சேத்துத்தான் ஒல வைக்கறது. இனி அட்டை அடிக்கப்போறதில்லீங்க. அப்புறம், அந்த வழிதப்புன பக்கத்த மட்டும் எடுத்துப்போடாதீங்க."

நி. என்னைப் பார்த்தாள். "எடுத்துட்டேன்னீங்க?"

"எடுத்துவிடுகிறேன்" என்றுதான் சொன்னேன் என்றேன். அவள் வீசிய தலையணை என் மூக்குக்கண்ணாடியில் பட்டது. கண்ணாடிக்கு ஒன்றுமில்லை.

சரசுவுக்கு ஒரு முழம் மல்லிகை. எதற்கென்று கேட்டாள். சொல்லவில்லை.

ஆவணி 9, திங்கள்

தூறல் மறுபடி. மிளகாயை நி. ஓடிப்போய் அள்ளினாள்.

மச்சான் போன். நான் எடுப்பதற்குள் நி. வாங்கிக்கொண்டாள். "கம்பெனிக்கு எழுதிட்டேங்ப்பா. வரலீங்கன்னு." அந்தப் பக்கம் நெடுநேரம் ஏதோ. "ஆமாங்ப்பா. சாப்பிட்டேங்ப்பா. அடுத்த வாரம் ஊருக்கு வாரேங்ப்பா."

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ரீப்ளேஸ் போட்டு அனுப்பியாச்சுங்க மாமா."

"பின்னே அழுத்தினா?"

"அந்தப் பக்கம் வராதுங்க."

மின்விசிறி கத்துகிறது. எண்ணெய் வாங்கி வந்தேன். ஏணியை யார் பிடிப்பது என்று வாக்குவாதம்.