துவைக்கிற கல்லைக் கேட்டு வந்தவன்

பூதப்பாண்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் எட்சனுக்கு, கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், மஸ்கட்டில் நீயும் ஒரு குறைவுமில்லாமல் இருக்க வேண்டுமென்றுதான் தினமும் ஜெபம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை. நம் கிணற்றடியில் துணி துவைக்கிற கல் இருக்கிறதே, மேலே வழவழவென்று நீளப் பள்ளம் ஓடுமே, அதைக் கேட்டுப் போன வாரம் உன்னோடு படித்த கொட்டாரத்து ஜெபிஷ் வந்தான். "மாமி, இந்தப் பழங்கல்ல நான் எடுத்துக்கிடுதேன், மயிலாடியிலேருந்து புதுக்கல்லு கொண்டுவந்து போட்டுத் தாறேன், நீங்க ஒண்ணும் தரண்டாம்" என்றான். உன் அப்பாவுக்குச் சிரித்துப் பேசுகிறவனெல்லாம் நல்லவன், உடனே தலையாட்டிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை, பழசுக்குப் புதுசைச் சும்மா கொடுக்க அவன் என்ன நம் வீட்டு மருமகனா. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, கல்லூரியில் சரித்திரம் நடத்துகிற அடுத்த வீட்டு ஷைஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இரும்பு வருவதற்கு முன்னால் இருந்த ஆட்கள் கற்கோடாரியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கின கல் போலிருக்கிறது, அந்தத் தேய்ப்பில் விழுந்த பள்ளம்தான் இது, தொல்லியல் துறையில் விஷயம் தெரிந்தவர்களைக் கூட்டிவருகிறேன், அதுவரை அசைக்க வேண்டாம் என்றாள். அதன் மேல்தான் இத்தனை காலம் உன் சட்டையை அடித்துத் துவைத்திருக்கிறேன்.

இன்று கோயிலில் ஆராதனை பாதியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அப்பாவிடம்கூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். வந்தால் வாசலில் டெம்போ நிற்கிறது, ஜெபிஷும் இன்னும் இரண்டு பேரும் கடப்பாரை போட்டுக் கல்லை நெம்புகிறார்கள். நான் நேரே போய்க் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். "எழும்புங்க மாமி, எட்சன் சம்மதிச்சாச்சு, போட்டோ அனுப்பினதே அவன்தான்" என்கிறான். அப்படியானால் அவனே வந்து என்னை எழுப்பட்டும் என்றேன். கோயில் முடிந்து ஆட்கள் வரும்வரை இறங்கவில்லை, டெம்போ வெறுமனே போனது.

அவன் பொய் சொல்லியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போன தடவை வந்தபோது நீ அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்ததை அடுக்களை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன் மக்கா. போனில் கேட்டால் உன் குரல் காதில் விழுந்ததும் நீ என்ன சொன்னாலும் நம்பிவிடுவேன், அதனால்தான் எழுதிக் கேட்கிறேன், நீயும் எழுதியே பதில் சொல். ஷைஜா சொன்னவர்கள் புதன்கிழமை வருகிறார்கள், கல்லை அவர்கள் பொறுப்பில் விட அப்பாவும் சரி என்றுவிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு ஏசியில் படுக்காதே. ஆண்டவர் உன்னை எந்தத் தீங்கும் அணுகாமல் காக்கட்டும். கேட்டதற்கு உண்மையை எழுது, அது எதுவாக இருந்தாலும் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
நேசபாய்