அப்பாவின் பக்கத்து இருக்கை

ஜனவரி 13, செவ்வாய்

மேல் வரிசை நான்கு பல் லேபுக்குத் திரும்பி வந்துவிட்டது. "ரொம்ப வெள்ளை, வாயில் பல்பு போட்ட மாதிரி இருக்கு" என்று பல் டாக்டர் சீட்டு வைத்திருக்கிறார். நிற அட்டையில் அவர் விரல் வைத்துக் காட்டிய நிறம்தான் அது. பதினாறு வருஷமாகப் பல் கட்டுகிறேன், வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதாம்.

மாலை பஸ்ஸில் செய்தி பார்த்தேன். எங்கள் ஃபுட்பால் அணியின் மேனேஜரை நீக்கிவிட்டார்கள்! புது ஆள் நாளையே வருகிறார். உடனே அப்பாவுக்கு அடித்தேன். பிஸி. இறங்கி, மாடி ஏறி, கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றும்வரை பிஸி. இருபத்தைந்து நிமிஷம்.

கடைசியில் எடுத்து, "மாப்பிள்ளைகிட்ட பேசிட்டிருந்தேன்மா. இனிமே பின்னால மூணே டிஃபெண்டர்தானாம், மாப்பிள்ளை சொல்றார்" என்றார்.

மாப்பிள்ளை சொல்கிறாராம். நாலு வருஷத்துக்கு முன்னால் தங்கையைக் கட்டியபோது ஆஃப்சைடு என்றால் என்ன என்று என்னிடம் கேட்ட லிஃப்ட் மெக்கானிக், இன்று மூன்று டிஃபெண்டர் பற்றிச் சொல்கிறார். அணிக்கு எது நடந்தாலும் அப்பாவிடம் முதலில் பேசுவது நான்தான். இன்று இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

புது மேனேஜரின் முதல் மேட்ச். 1–1.

வழக்கம்போல் அரங்கத்தில் பதினான்காம் வரிசை, அப்பா 31, நான் 32. வழக்கம்போல் விசில் அடித்ததிலிருந்து வாயில் பூட்டு. எனக்குப் பதினொரு வயதில் அப்பா போட்ட சட்டம்: "பேசினா பார்க்க முடியாது. பார்த்துட்டு அப்புறம் பேசு." இடைவேளையில் பேசலாம், முடிந்ததும் சண்டையே போடலாம். அந்தச் சண்டைக்காகவே பாதி நாள் போயிருக்கிறேன்.

இன்று சண்டை இல்லை. மூன்று டிஃபெண்டர் ஏன் சரி என்று நான் மூச்சு விடாமல் பேசினேன். நம்மிடம் பந்து வந்ததும் நாலாம் நம்பர் பின்வரிசையை விட்டு நடுவுக்கு ஏறிவிடுகிறான், அப்போது மிட்ஃபீல்டில் நமக்கு ஒரு ஆள் கூடுதல், அதுதான் சூட்சுமம் என்றேன். மறுப்பார் என்று காத்திருந்தேன். "சரிதாம்மா" என்றார். சரியா? பழைய மேனேஜர் காலத்தில் ஒரு கார்னருக்கு ஒன்பது நாள் என்னோடு பேசாமல் இருந்தவர்!

வாசல் டீக்கடையில் வழக்கமான கூட்டம். சைரன் – ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பேச்சு இன்னும் அதே சத்தம் – "பின்னால மூணு பேரா? வீட்டுக் கதவைத் திறந்து வச்சுட்டு வாட்ச்மேனையும் லீவுல அனுப்பற கதை!" என்று கத்தினார். ஜோசியர் இந்த சீசன் கோப்பை நமக்குத்தான் என்றார். அவர் சொன்னது எதுவும் பலித்ததில்லை, அதனால் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. அப்பா மட்டும் சண்டைக்கு வரவில்லை. "மாப்பிள்ளை டிவில பார்த்திருப்பார். அவர்கிட்ட கேட்கணும்" என்றார்.

பக்கத்திலேயே நான் நிற்கிறேன்.

ஜனவரி 27, செவ்வாய்

அடுத்த மேட்சுக்கு மாப்பிள்ளையை அழைத்துப் போகிறாராம். "ஒரு தடவைதானேம்மா." சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

பிப்ரவரி 1, ஞாயிறு

டிவியில் பார்த்தேன். 0–2, தோல்வி. அது பரவாயில்லை.

அறுபத்தோராம் நிமிஷம் கேமரா கூட்டத்துப் பக்கம் திரும்பியது. என் இருக்கையில் மாப்பிள்ளை. அப்பாவின் காதோடு வாயை ஒட்டி வைத்துக்கொண்டு பேசுகிறார். மேட்ச் நடக்கும்போது! அப்பா சிரிக்கிறார். தலையை ஆட்டுகிறார். இருபத்தெட்டு வருஷம், தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேனே நான்! அந்தச் சட்டம் எனக்கு மட்டும்தானா?

வயிறு எரிகிறது. வேறு வார்த்தை தேடவில்லை.

பிப்ரவரி 4, புதன்

தங்கை போன் செய்தாள். "அப்பா எங்க வீட்டுக்கு வந்து இவர்கூட மூணு மணி நேரம் மேட்ச் பத்திப் பேசறார்க்கா, எனக்குத் தலைவலி" என்றாள். பிறகு அவளே, "என்னக்கா சத்தத்தையே காணோம்? என் புருஷன் மேல பொறாமையா?" என்று சிரித்தாள்.

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

வேறு வேலை இருந்தது. ஆனால் கீழ்த்தாடைப் பல்வரிசை ஒன்றுக்கு மெழுகில் இரண்டு பல்லை இடம் மாற்றி நட்டுவிட்டேன். இந்தத் தப்பைப் பயிற்சிக்கு வருகிறவர்கள்கூடச் செய்ய மாட்டார்கள்.

அம்மா சொன்ன இன்னொரு செய்தி: அரங்கத்தின் வருடச் சீட்டை அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்கும் படிவம் வந்துவிட்டதாம். இரண்டு இருக்கைக்கும் பெயர் எழுதி ஏப்ரல் பத்துக்குள் கொடுக்க வேண்டும். 31 அப்பா. 32 யார்? அப்பாவிடம் கேட்டேன். "பார்ப்போம்" என்றார்.

பார்ப்போமா!

பிப்ரவரி 15, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு டியூட்டி. அதனால் எனக்கு அழைப்பு. மிச்சம் மீதி மாதிரி. போனேன். எனக்கு வெட்கம் கிடையாது.

1–2 தோல்வி. இரண்டு பாதியும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம், சட்டப்படி. பிறகு டீக்கடையில் சைரன் ஆரம்பித்தார். அப்பா திடீரென்று எழுந்து, "மேனேஜர் மேல தப்பில்ல. இடது ஓரம் சுத்தமா காலி. ரெண்டு கோலும் அந்த வழியாத்தான் வந்துச்சு" என்றார்.

அது போன மேட்ச் கதை. மாப்பிள்ளை காதில் ஓதிய பாடம். இன்று இடது ஓரம் காலியாகவே இல்லை. இரண்டு கோலும் எங்கள் இருக்கைக்கு எதிர்ப்பக்கம், வலது ஓரத்தில் வந்தவை. 

"வலது ஓரம்ப்பா. ரெண்டுமே வலது ஓரம். நீங்க மேட்ச் பார்த்தீங்களா, இல்ல மாப்பிள்ளை சொன்னத ஒப்பிக்கிறீங்களா?"

சைரன் வெடித்துச் சிரித்தார். ஜோசியர்கூடச் சிரித்தார். அப்பா டம்ளரை மேஜையில் வைக்கப் போய், விளிம்பில் வைத்து, பிறகு நகர்த்தி வைத்தார். "நான் பார்த்தது தப்பா இருக்கும்மா" என்றார்.

என் வாழ்க்கையில் அப்பா தப்பு என்று ஒப்புக்கொண்ட முதல் மேட்ச். நான் ஜெயித்துவிட்டேன். பஸ் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா.

பிப்ரவரி 16, திங்கள்

அம்மா போன். "என்னடி சொன்ன உங்கப்பாவ? சாப்பிடாமப் படுத்துட்டார்."

மேட்ச் தோற்றதால் இருக்கும் என்றேன்.

மார்ச் 1, ஞாயிறு

இதை எழுத வேண்டும்.

இன்று மாப்பிள்ளைக்கு டியூட்டி இல்லை, அதனால் அப்பாவோடு போவது அவர்தான். நான் என்ன செய்தேன்? வேவு பார்க்கப் போனேன். தனியாக ஒரு டிக்கெட், பதினாறாம் வரிசை, தொப்பி, முகத்தில் பாதியை மறைத்துத் துப்பட்டா. அப்படி என்னதான் ஓதுகிறார் காதில், கேட்டுவிட வேண்டும். கேட்டு, அதில் உள்ள தப்பையெல்லாம் டீக்கடையில் வைத்து மானத்தை வாங்க வேண்டும் – இதுதான் திட்டம். முப்பத்தொன்பது வயதுப் பெண் போடும் திட்டம்!

இரண்டு வரிசை பின்னால் நன்றாகவே கேட்டது.

"எதிர் ஓரம் மாமா. நம்ம பந்து. பதினொண்ணு. ஓடறான். தடுத்துட்டாங்க. இப்ப நடுவுல. அவங்க பந்து. நம்ம பக்கம் வருது, இப்ப உங்களுக்கே தெரியும் பாருங்க."

"யாரு விட்டது?"

"ஏழு."

"நாலு எங்க நிக்கறான்?"

"நடுக் கோட்டுக்கிட்ட மாமா."

அவ்வளவுதான். சூட்சுமம் இல்லை, அபிப்பிராயம் இல்லை. நடப்பதை நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டாம் நிமிஷம் எதிர்ப்பக்கம் நாம் கோல் போட்டோம். அரங்கமே எழுந்தது. அப்பா ஒரு மூச்சு தாமதமாக எழுந்தார். எழுந்து, கோல் விழுந்த பக்கம் இல்லாமல் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

 இடைவேளையில் மாப்பிள்ளை தண்ணீர் வாங்க வந்தபோது பிடித்தேன். தொப்பியைப் பார்த்துப் பயந்தே போனார்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"ஒரு வருஷத்துக்கு மேலக்கா. கண்ணுல அழுத்தம், நரம்பு போயிடுச்சாம். கிட்டத்துல ஓரளவு தெரியுது. எதிர்ப்பக்கம் ஒண்ணுமே தெரியாது. போனது திரும்பி வராதுன்னு சொல்லிட்டாங்க. சொட்டு மருந்து போட்டு இருக்கறதைக் காப்பாத்தணும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கிட்டார். தெரிஞ்சா அவ மேட்ச் பார்க்க மாட்டா, என்னைத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான்னார்."

இரண்டாம் பாதிக்கு நான் உள்ளே போகவில்லை.

மார்ச் 2, திங்கள்

டீக்கடையில் நான் சொன்னது. "நீங்க மேட்ச் பார்த்தீங்களா?" நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

ஒரு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வெறும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். நான் சட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறேன், வாயை மூடிக்கொண்டு.

மார்ச் 3, செவ்வாய்

உண்மை தெரிந்தால் பொறாமை போய்விடும் என்று நினைப்போம் இல்லையா? போகவில்லை. கூடியிருக்கிறது. முன்பு இருக்கைதான் போயிற்று. இப்போது தெரிகிறது, கண் மங்கியதைச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டபோது அப்பா என்னைத் தேடவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனதும் மாப்பிள்ளை. சொட்டு மருந்து விடுவதும் மாப்பிள்ளை. நல்ல மனிதர் வேறு. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்.

மார்ச் 7, சனி

டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டு, வேறு ஏதோ இரண்டு அணி ஆடுவதைச் சுவருக்குச் சொல்லிப் பார்த்தேன். படுமோசம். அவன் ஏன் அங்கே ஓடுகிறான் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் கோல் விழுந்துவிடுகிறது.

மார்ச் 10, செவ்வாய்

மானத்தை விட்டு மாப்பிள்ளைக்கு போன் செய்தேன்.

"லிஃப்ட் வேலையில ஒருத்தர் கேபின் மேல நிப்பார்க்கா, ஒருத்தர் மெஷின் ரூம்ல. மெஷின் ரூம்ல இருக்கறவருக்கு ஒண்ணும் தெரியாது, குரல்தான். தப்பா சொன்னா கை போயிடும். அதனால முதல்ல இடம். அப்புறம் என்ன நடக்குது. யாருங்கறது கடைசில. ஏன்னு மட்டும் சொல்லவே கூடாது."

ஏன் என்று சொல்லாமல் எனக்கு ஃபுட்பால் பார்க்கவே வராது. குறித்துக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு மறுபடி டியூட்டி, அதனால் என் முறை. விசில் அடித்தது. ஐந்து நிமிஷம் தைரியம் வரவில்லை. பிறகு, "எதிர் ஓரம். நம்ம பந்து" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்பா திரும்பவில்லை. "மேட்ச் நடக்கும்போது என்ன பேச்சு?"

"பதினொண்ணு. உள்ளே வெட்டறான். கார்னர்."

அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை சொல்லிவிட்டாரா என்று கேட்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காதை மட்டும் என் பக்கம் சாய்த்தார். நான் நிறுத்தவில்லை. கண்ணீர் வேறு வந்து எனக்கும் எதிர்ப்பக்கம் தெரியாமல் போனது.

"மெதுவா சொல்லும்மா" என்றார். "நம்பரை முழுங்காதே."

மார்ச் 29, ஞாயிறு

2–0, வெற்றி. இன்றும் நான்தான் சொன்னேன், தொண்டை கட்டிவிட்டது. ஆனால் அப்பா கிளம்பும்போது, "மாப்பிள்ளை பார்த்ததைச் சொல்வார். நீ நெனச்சதைச் சொல்ற" என்றார். மூக்கறுபட்டு வீடு வந்தேன். நன்றாகச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை வந்தால் என்ன குறைந்துவிடும்?

ஏப்ரல் 4, சனி

அப்பா படிவத்தை என்னிடம் நீட்டினார். எழுத்து தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னார், முதல் தடவையாக. 31இல் அவர் பெயரை எழுதினேன். 32இல் பேனா நின்றது. நன்றாகச் சொல்கிறவர் மாப்பிள்ளை. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

"மாப்பிள்ளை பேரை எழுதட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று உள்ளே அடித்துக்கொண்டது.

"ஏன், உனக்குத் தொண்டை வலிக்குதா?"

என் பெயரை எழுதினேன். பெரிய எழுத்தில். மாப்பிள்ளையைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

2–2. டீக்கடையில் சைரன், "உங்க நாலாம் நம்பர் சூட்சுமம் எங்கம்மா போச்சு?" என்று என்னைச் சீண்டினார். நாலாம் நம்பர் முன்னால் ஏறியதால்தான் இரண்டு கோல் போட்டோம், மேனேஜரின் திட்டம் பலித்துவிட்டது என்று நானும் குரலை உயர்த்தினேன்.

"உளறாதே" என்றார் அப்பா.

கடையே திரும்பியது.

"ஏறினது சரி. இறங்கினானா? இன்னிக்கு மூணு தடவை, 'நாலு இன்னும் திரும்பல, நாலு இன்னும் திரும்பல'ன்னு நீதான் சொன்ன. மூணுல ரெண்டு கோலாச்சு. உன் மேனேஜருக்கு ஏறத் தெரியுது, இறங்கத் தெரியல."

மூன்று தடவையா? நான் எண்ணவில்லை. அவர் எண்ணியிருக்கிறார். எல்லாமே என் வாயிலிருந்து எடுத்தவை. விடாமல் இருபது நிமிஷம் என்னை வறுத்தெடுத்தார். பஸ் நிறுத்தம் வரைக்கும் சண்டை. கடைசியில் கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

அவரை வீட்டில் விட்டதும் நானே மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். "அப்பா இன்னிக்கு என்கூட சண்டை போட்டு ஜெயிச்சுட்டார்" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். 

"என்கூட மாமா ஒரு தடவைகூட சண்டை போட்டதில்லக்கா" என்றார். "நான் எது சொன்னாலும் சரி சரின்னுதான் கேட்டுக்குவார்." பிறகு, அடுத்த சீசன் 32 யார் பெயரில் இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். ஜனவரியிலிருந்து நான் பேசிக்கொண்டிருந்த குரல்தான் அது.