பின் கரியரில் ஏழு கிலோ

ஓர்ஸ் ஹில்
20.05.2025

அன்புள்ள ஸல்ஹா,

பிரேக் பிடித்ததாலா விழுந்தாய் என்று கேட்டனுப்பியிருந்தாய். இல்லை, பிரேக் அல்ல. நீ பிரேக்கைத் தொடும் முன்பே ஹாண்டில் ஆடத் தொடங்கிவிட்டது. நான் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன். முதலில் முன்சில்லு, நாய் தலையை உதறுவதுபோல. பிறகு சைக்கிள் முழுவதும். பிறகு நீ தெருவில்.

தோள் எலும்பு எப்படி இருக்கிறது? பொருந்த ஆறு கிழமை ஆகும் என்று டொக்டர் சொன்னதாக நஸ்ரியா சொன்னாள். உன் போன் உடைந்ததில் உன் மச்சி தபால்காரியாகிவிட்டாள். புடவைக்கடை வேலை முடிந்து கிண்ணியா பஸ் ஏறும் முன் வந்து கடிதத்தை வாங்கிப் போகிறாள். கொஞ்சம் முறைக்கிறாள்.

பாரம் ஏற்றிய சைக்கிள் இறக்கத்தில் வேகம் கூடினால் சில நேரம் அப்படி நடுங்குமாம். வாசித்தேன். அந்த நேரம் முழங்கால் இரண்டாலும் சைக்கிளின் நடுப் பாரை இறுக்கிப் பிடித்து, சீற்றிலிருந்து கொஞ்சம் எழும்பி, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டுமாம். அடுத்த முறைக்கு.

வெசாக் லீவில் சைக்கிளில் பொத்துவில் போகும் திட்டம் போனால் போகட்டும். பொத்துவில் எங்கேயும் ஓடிப்போகாது. அம்மாவும் உன்னை விசாரித்தா.

உன்,
கீர்த்தனி


கிண்ணியா
26.05.2025

கீர்த்தனி,

ஸலாம். வலக்கை கட்டுப் போட்டுக் கிடக்கிறது. இடக்கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணும், பொறுத்துக்கொள்.

அடுத்த முறை என்று எழுதியிருக்கிறாய். முனீப் காக்கா என் சைக்கிளை விற்கப்போகிறார், தங்கச்சி விழுந்தது போதுமாம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிய மூதூரிலிருந்து ஆள் வரும். "மீன்காரன் பெட்டியக் கட்டிக்கொண்டு நாளும் அந்த இறக்கத்தாலதான் வாறான். அவன் விழுறானா? உன்ர கைக்கு ஏலாது புள்ள, விடு" என்றார். உம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டார்.

கைகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். மூன்று வருடம் அந்தச் சைக்கிளைக் கனவு கண்டவள்.

ஆனால் அன்று வழியில் சீனன்குடாவில் பிளேன்ரீ குடிக்க நின்றபோது உன்னிடம் ஒன்று சொன்னேன். "முன்சில்லு லேசாக் கிடக்கு கீர்த்தனி. போன கிழமை நிலாவெளிக்கு ஓடிப் பார்த்த நேரம் இப்படி இல்ல."

நீ சொன்னாய்: "பயந்தாங்கொள்ளி மாதிரி இறுக்கிப் பிடிக்காத. எல்லாம் உன்ர கைதான்."

சிரித்தாய். நானும் சிரித்தேன்.

நேற்று நஸ்ரியா என் கூடாரத்தை வெயிலில் விரித்தாள். நல்லெண்ணெய் மணக்கிறது. எங்கள் குசினியில் தேங்காய் எண்ணெய்தான். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு சைக்கிள் இரண்டும் உங்கள் வீட்டில் நின்றன. சாமான் கட்டியது நீ. நான் விடிய பஸ்ஸில் வந்து ஏறியவள்.

என்ன ஏற்றினாய்?

ஸல்ஹா


ஓர்ஸ் ஹில்
02.06.2025

ஸல்ஹா,

அம்மாவின் பார்சல். மட்டக்களப்பில் இருக்கும் பெரியம்மாவுக்கு. நன்றாகப் பழகின தோசைக்கல் ஒன்று, நல்லெண்ணெய் இரண்டு போத்தல், அரிசிமா. ஏழு கிலோ.

மட்டக்களப்புப் பக்கம் ஒருவர் போகிறார் என்றால் வெறுங்கையோடு விடமாட்டார்கள். உனக்கும் தெரியும். "போற வழிதானே பிள்ளை" என்றா. சைக்கிளில் போகிறோம் அம்மா என்றேன். "சைக்கிளுக்குக் கரியர் இருக்குத்தானே." என்ர அக்காவுக்கு ஒரு கல்லுக் கொடுக்க ஏலாத பிள்ளையா நீ என்பதுபோல ஒரு பார்வை. வாங்கிவிட்டேன்.

நிலாவெளிக்குப் போகும்போது நாங்கள் தராசில் நிறுத்து நிறுத்துக் கட்டினோம். பாரமானது கீழே, முன்னும் பின்னும் பகிர்ந்து. அதையெல்லாம் ஒரு கல்லால் கெடுத்தேன். உன் கூடாரத்துக்கு மேலே, மழை உறைக்கு அடியில் வைத்துக் கட்டினேன். உயரத்தில், பின்சில்லுக்கும் பின்னால். பின்பாரம் அப்படிக் கூடினால் முன்சில்லு நிலத்தைச் சரியாகப் பிடிக்காது. மீன்காரன் தன் பெட்டியைத் தெரிந்து ஏற்றுகிறான், தெரிந்து மெல்லப் போகிறான். உனக்குத் தெரியாது.

நீ விழுந்து கிடந்தபோது, ஓட்டோ வரும் முன், அதை அவிழ்த்து எடுத்தேன். ஒரு போத்தல் உடைந்திருந்தது. மிச்சத்தை மறுநாள் பஸ்ஸில் அனுப்பினோம். கல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை விட்டுவிட்டு அனுப்பினால் இதுவும் பொய்க் கடிதம்தான்.

முதலில் என் சைக்கிளில் கட்டினேன். எங்கள் வீட்டு முன் ஒழுங்கையில் ஒரு தரம் ஓடிப் பார்த்தேன். ஹாண்டில் ஆடியது. அவிழ்த்து உன்னுடையதில் கட்டினேன். நீ என்னைவிட நன்றாக ஓட்டுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்தான்.

இந்தக் கடிதத்தை முனீப் காக்காவிடம் கொடு. பெருநாளுக்கு முன் கொடு. உன் கையில் பிழை இல்லை.

கீர்த்தனி


கிண்ணியா
27.07.2025

கீர்த்தனிக்கு,

ஜூனில் நீ பிறகு அனுப்பிய இரண்டு கடிதங்களையும் திறக்காமல் நஸ்ரியாவிடமே கொடுத்துவிட்டேன். அவள் உன்னிடம் சேர்த்திருப்பாள். இது அவற்றுக்குப் பதில் அல்ல.

நீ சொன்னபடி அந்தக் கடிதத்தைக் காக்காவிடம் கொடுத்தேன். கதிரையில் இருக்காமல், நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். மூதூர் ஆளுக்குப் போன் எடுத்து வரவேண்டாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எழுதாமலும் விட்டிருக்கலாம் அந்தப் புள்ள. எழுதியிருக்கு. ஆனா இனி இந்த வாசலுக்கு வரப்படாது" என்றார். நான் மறுக்கவில்லை. அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருப்பேன்.

பார்சல் ஒரு விசயமே இல்லை. எங்கள் உம்மாவும் கட்டித் தந்திருப்பார், நானும் ஏற்றியிருப்பேன். நீ அவிழ்த்து ஒளித்ததும் விளங்குகிறது. பயம். ஒழுங்கையில் ஆடியது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைத்தான் தாண்ட ஏலாமல் இருக்கிறது. உன் கைக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு சீனன்குடாவில் என் கையைப் பழித்தாய். நான் அதை நம்பினேன். உன்னை நம்புவதற்காக என்னை நம்பாமல் விட்டேன்.

பொத்துவிலுக்கு உன்னோடு வரமாட்டேன். வேறெங்கேயும் வரமாட்டேன். உன் காற்றடிக்கும் பம்ப் என்னிடம் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு நஸ்ரியா கொண்டுவருவாள். உன் அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாதே, தன் பார்சலால்தான் என்று நினைப்பார்.

கட்டு அவிழ்த்து ஒரு மாதம். நேற்று எல்லாவற்றையும் நானே நிறுத்துக் கட்டினேன். விடிய சுபஹு தொழுதுவிட்டு சைக்கிளில் மூதூர் வரைக்கும் போய் வந்தேன்.

ஸல்ஹா