முள் ஒடிந்த ஞாயிற்றுக்கிழமை

பாவா,

நேற்று கே.ஜி.கண்டிகையில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு வரப்பு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறிவிட்டது. உட்கார்ந்து பிடுங்கினேன். பிடுங்கியதும் தூக்கி எறிந்திருக்க வேண்டும். நானோ அதை வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் வளைவு இருக்கிறதா, நுனி கூராக இருக்கிறதா என்று பார்த்தேன். கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுத்தேன். கூட வந்தவர், “இன்னா சார், முள்ளப் போயி இப்டி பாத்துகினு இருக்கீங்க?” என்றார். முள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முப்பது வருஷம் ஆகியும் அந்தப் பயம் அப்படியே இருக்கிறது.

உங்களிடம் கடைசிவரை சொல்லாமல் வைத்துக்கொண்ட ஒரு விஷயம் உண்டு. நீங்கள் போய்ப் பதினோரு வருஷம் ஆன பிறகு அதைச் சொல்ல இந்தக் காகிதத்தை எடுத்திருக்கிறேன்.

யுத்த காலம் அது. தாலுகா ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தா வேலை கிடைத்து நான் அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணிக்கு வந்து, அக்காவின் புருஷன் வீடு என்ற உரிமையில் உங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். நீங்கள் வடக்கே சில ஸ்டேஷன் தள்ளி ஒரு சின்ன ரயிலடியில் தந்திக் கருவி பார்க்கும் வேலையில் இருந்தீர்கள். காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்கால வண்டியில் திரும்புவீர்கள். அக்காவின் பெரிய பெண்ணுக்கு அப்போது இரண்டு வயசு.

குண்டு போடுவார்கள் என்று பட்டணத்திலிருந்து ஓடி வந்து நம் தெருவில் குடியிருந்த வக்கீல் குடும்பம், பயம் தெளிந்து திரும்பிப் போகும்போது கிராமபோன் பெட்டியையும் இருபத்து மூன்று பிளேட்டுகளையும் உங்களிடம் விட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அந்த இருபத்து மூன்றில் இரண்டு பிளேட்டுகளில் ஒரே தோடி கீர்த்தனை இருந்தது. ஒன்றில் கனத்த குரல் உள்ள ஒரு வித்வான். இன்னொன்றில் ஒரு பெண்மணி. ஒரு பக்கத்துக்கு மூன்றே நிமிஷம். அவர் அதில் ஒரு நிமிஷத்தை ஆலாபனைக்கே கொடுத்துவிட்டுச் சரணத்தில் அவசரப்படுவார். அந்த அம்மாள் எடுத்த எடுப்பில் பல்லவிக்குள் போய், ஒரே வரியை ஐந்து விதமாகப் பாடுவார். எது உசத்தி என்று வாராவாரம் தீர்ப்பு மாறும்.

“அவரு ராகத்த நமக்குக் காட்றாரு. இந்தம்மா நம்மள ராகத்துக்குக் காட்டுது” என்று ஒரு தடவை சொன்னீர்கள். என்ன அர்த்தம் என்று கேட்டேன். “எனக்கும் தெரியல, ஆனா அதான் நெஜம்” என்று சிரித்தீர்கள்.

உங்கள் காது அப்படிப்பட்ட காது. அம்மாளின் பிளேட்டில் நாலாவது தடவை பல்லவி வரும்போது, பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம் இருக்கிறது என்றீர்கள். நானும் அக்காவும் பத்துத் தடவை போட்டுக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு அது பிடிபட்டது.

அந்த மழைக்காலத்தில் உங்களுக்கு மலேரியா வந்து, வாரக்கணக்கில் குயினைன் என்கிற கசப்பு மாத்திரை சாப்பிட்டீர்கள். “காதுல வண்டு பூந்தா மாதிரி கீது” என்று ஒரு நாள் சொன்னீர்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே சமயத்தில் கடையில் கிராமபோன் ஊசி கிடைப்பது நின்றுபோனது. இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. முள்ளை வெட்டி, கல்லில் தீட்டி ஊசிக்குப் பதிலாகப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் வேலியோரமாகப் போய்க் காய்ந்த கருவேல முள்ளாகப் பார்த்துப் பொறுக்கி வருவேன். முள்ளில் சத்தம் குறைவுதான், ஆனால் கரகரப்பு இருக்காது. எனக்கு அது பிடித்திருந்தது. நீங்கள் மட்டும், “முள்ளுல சத்தமே பத்தலடா” என்று சொல்லிக்கொண்டே பெட்டியை நெருங்கி நெருங்கி உட்கார்ந்தீர்கள். எப்போதும் முதலில் பேசும் நீங்கள், “நீ சொல்லு, இன்னிக்கு யாரு?” என்று என்னை முதலில் பேசவிட ஆரம்பித்தீர்கள். நான் பெருமைப்பட்டேன், பாவா. என் ஞானத்துக்கு மதிப்பு வந்துவிட்டதென்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருத்திகை. அக்கா ஐந்தாம் மாதத்து வயிற்றோடு, குழந்தையை எடுத்துக்கொண்டு மலைக்கோவிலுக்குப் போயிருந்தாள். தெருவில் காவடிக் கூட்டம் அடங்கியிருந்த நேரம். அம்மாளின் பிளேட்டைப் போட்டேன். நீங்கள் வழக்கம்போல் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். இரண்டாவது தடவை பல்லவி முடிகிற இடத்தில் முள் ‘டிக்’ என்று ஒடிந்தது. பிளேட் கீறிவிடுமே என்று, முள் பொருத்திய பெட்டிக் கையைச் சட்டென்று தூக்கிவிட்டேன். வீட்டில் சத்தமே இல்லை. பிளேட் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“முள்ளு ஒடஞ்சிட்ச்சு பாவா” என்று சொல்ல வாயைத் திறந்தவன் உங்களைப் பார்த்தேன். உங்கள் கை தாளத்தை நிறுத்தவில்லை. தலை மெல்ல ஆடியது. ஒரு பல்லவி பாடும் நேரம் போயிற்று. நாலாவது வர வேண்டிய நேரம் வந்தது. நீங்கள் இடது கையை உயர்த்தி, முகமெல்லாம் மலர, “ஆங்... கேட்டியா? நாற்காலி!” என்றீர்கள்.

நான் ஒடிந்த முள்ளோடு பெட்டியின் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தேன். நீங்கள் எனக்கு எதிரில், எட்டித் தொடும் தூரத்தில் இருந்தீர்கள். ஆனால் நான் இல்லாத ஏதோ ஒரு இடத்தில் தனியாக இருந்தீர்கள். பாட்டு முடிய வேண்டிய நேரத்துக்குச் சரியாகக் கண்ணைத் திறந்தீர்கள். அதற்குள் கையை அதன் இடத்தில் வைத்துவிட்டேன்.

“சொல்லு, இன்னிக்கு யாரு?”

“அம்மாதான் பாவா” என்றேன். நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதைத்தான் நான் உங்களிடம் சொல்லவேயில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தந்திக் கருவி தட்டுவதைக் காதால் கேட்டு, அடுத்த ஸ்டேஷனிலிருந்து வண்டி வரலாமா கூடாதா என்று சொல்வது உங்கள் வேலை. ஒரு தட்டுத் தப்பினாலும் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். பட்டாளத்து வண்டிகள் வேறு நேரம் காலம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஆபீசில் நகல் எழுதிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் இன்ஜின் ஊதினால் பேனா நின்றுவிடும். பெட்டிகள் தடதடவென்று ஓடி, அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அடுத்த எழுத்தை எழுத மாட்டேன். மூன்று காகிதங்களில் மை கொட்டித் திட்டு வாங்கினேன். அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயம். உங்கள் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயம்.

ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, உங்களுக்குத் தெரியாமல் அடுத்த வண்டியில் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். வேப்பமரத்தடியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் வாசலில், முதுகு அறைப்பக்கம் இருக்க, டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே மேஜைமேல் கருவி தட்டியது. வெளியில் நின்ற எனக்கே கேட்டது. நின்று, மறுபடி தட்டியது. நீங்கள் டீயை ஊதிக்கொண்டிருந்தீர்கள். அப்போது தண்டவாளத்துப் பக்கமிருந்து, வண்டிக்குப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் பாஷா பாய் ஓடி வந்து, உங்கள் பக்கத்தில் பலகைத் தரையைக் காலால் இரண்டு முறை ஓங்கி உதைத்தார். நீங்கள் உடனே திரும்பி உள்ளே போய், கருவியின்மேல் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தீர்கள்.

பாஷா பாய் என்னைப் பார்த்துவிட்டார். மரத்தடிக்கு வந்து, “நீங்க அவரு மச்சான்தானே? பாத்துட்டீங்களா?” என்றார்.

“எத்தினி நாளா பாய் இப்டி?”

“நாலு மாசம் ஆவுது. தங்கமான மனுசன். அதான் நானும் வாயத் தொறக்கல.” தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆனா எனக்கு ஒரு நாள் ஜொரம் வந்து படுத்துட்டா இன்னா ஆவும், சொல்லுங்க? அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது.”

அந்த வாரமே நான் ஒரு மனு எழுதினேன். உங்கள் மேலதிகாரிக்கு. ‘அவருக்குக் காது கேட்கவில்லை, ஆபத்து நேருமுன் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும்’ என்று. பத்து நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். தபால் பெட்டிவரை போவேன். அக்காவின் வயிறு கண்ணில் தெரியும். திரும்பிவிடுவேன். திரும்பி வந்ததும் ஒரு வண்டி ஊதும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் பெட்டிக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மனுவை எடுத்து அதன் மூடிமேல் வைத்தேன்.

நிதானமாகப் படித்தீர்கள். இரண்டு தடவை படித்தீர்கள்.

“எப்டித் தெரியும்?”

“ஸ்டேஷனுக்கு வந்து பாத்தேன் பாவா.”

“பாஷா சொன்னானா?”

“இல்லீங்க. நானே பாத்தேன்.”

வலது கையை என் முன்னால் நீட்டினீர்கள். “இதோ பாரு. இந்த வெரல வெச்சா ஒவ்வொரு தட்டும் தெரியுதுடா. இது வரைக்கும் ஒண்ணு தப்பினதில்ல.”

“தப்பினா?”

நான் கேட்டது அது ஒன்றுதான். நீட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டீர்கள். “எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனக்கிறியா கோபாலு? ஒவ்வொரு வண்டியும் தாண்டிப் போற வரைக்கும் மூச்சு வர்றதில்ல” என்றீர்கள். பிறகு குரல் தாழ்ந்தது. “அந்த வேல இருக்கற வரைக்கும் எனக்குக் கேக்குதுன்னு அர்த்தம். அத விட்டுட்டா நான் செவிடன்.”

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். உங்கள் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தீங்களா? ஆறு மாசமா உங்க எதுருல வந்து நின்னுதான பேசறேன்? வண்டிச் சத்தம் கேட்டா அடுப்ப விட்டுட்டு வாசலுக்கு ஓடறேன். உள்ள இருக்கற புள்ள கூட திடுக்குன்னு ஆவுது. போதுங்க.”

ஒரே வீட்டில் மூன்று பேர், ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு மூன்று மூலையில் இருந்திருக்கிறோம்.

நீங்கள் மனுவை என்னிடம் திருப்பிக் கொடுத்தீர்கள். “இதுல ‘அவருக்கு’ன்னு எழுதிக்கீறே. ‘எனக்கு’ன்னு மாத்தி எழுது. நான் கையெழுத்துப் போடறேன்.”

அதுவரை எத்தனையோ பத்திரங்களை நகல் எடுத்திருக்கிறேன். அந்த ஒரு பக்கத்தை எழுதி முடிக்கத்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.

வேலை போய்விடும் என்று நடுங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. போகவில்லை. மலேரியா மாத்திரைதான் காதைக் கெடுத்தது என்று டாக்டர் சொன்ன பிறகு, கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். சின்ன வேலைதான். அக்கா பிள்ளையைப் பெற்றெடுத்தாள். அவன் அழுவதை நீங்கள் தொட்டிலின் கயிற்றைத் தொட்டுத்தான் தெரிந்துகொண்டீர்கள்.

கிராமபோன் பெட்டி பல மாதம் மூடியே கிடந்தது. யுத்தம் முடிந்து ஊசி வர ஆரம்பித்த சமயத்தில், அரக்கோணம் போயிருந்த பாஷா பாய் உங்களுக்கென்று ஒரு புதுப் பிளேட் வாங்கி வந்தார். யாரோ புதிதாகப் பாட வந்த பெண். அதே தோடி. செவிடனுக்கு எதற்கு என்று நீங்கள் கோபப்படுவீர்களோ என்று எனக்குப் பயம். நீங்கள் உறையிலிருந்து எடுத்து, வரிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினீர்கள்.

“நீ கேளு. கேட்டு எனக்குச் சொல்லு.”

கேட்டேன். “நல்லா இருக்கு பாவா” என்றேன்.

“நல்லா கீதுன்னு சொல்றதுக்கு நீ எதுக்குடா? எங்க மூச்சு வாங்குது, எங்க பயப்படுது, எங்க நிக்குது, அதச் சொல்லு.”

மறுபடி போட்டேன். மறுபடி. ஒவ்வொரு இடமாக, உங்கள் முகத்துக்கு நேராக இருந்து சொன்னேன். பழைய இரண்டு பிளேட்டுகளையும் பற்றிச் சொல்லும்போது நான் தப்பினால் நீங்களே திருத்துவீர்கள், அவை உங்களுக்குள் இருந்தன. இந்தப் புதுப் பெண்ணின் குரல் உங்களுக்குள் எங்குமே இல்லை. நான் சொன்னால்தான் உண்டு. எல்லாம் கேட்டுவிட்டு, “அப்டின்னா நம்ம அம்மாவ விட இது ஒரு படி கீழதான். ஆனா போவப் போவ மேல வரும்” என்று தீர்ப்புச் சொன்னீர்கள். அந்தத் தீர்ப்பைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. நான் ஒரு இடத்தைத் தவறாகக் கேட்டிருந்தால், உங்கள் மனசில் அவள் என்றைக்கும் தவறாகவே பாடிக்கொண்டிருப்பாள்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான் போயிற்று. பிளேட்டுகள் வந்தன, ரேடியோ வந்தது. நான் கேட்டேன், நீங்கள் என் வாயைப் பார்த்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட எனக்கு அந்தப் பயம் விட்டதில்லை.

இப்போதும் விடவில்லை, பாவா. இன்று காலை ரேடியோவில் ஒருவர் பைரவி பாடினார். வீட்டில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். என்னால் அப்படிக் கேட்க முடியவில்லை. மேல் ஸ்தாயியில் நின்றபோது குரல் ஒரு நூல் அளவு நடுங்கிற்று. அதை மறைக்காமல் அங்கேயே நிறுத்தி, மூச்சை வாங்கி, மெதுவாகக் கீழே இறங்கினார். வயலின் அவருக்காகக் காத்திருந்தது.

சரியாகச் சொன்னேனா?