மூன்றாம் அட்டையில் அடித்த வரி

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் நலம். அங்கே எல்லோரும் நலமா என்று கேட்க முடியவில்லை. அண்ணன் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்று போனில் பேசும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டார். லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று கேபிளுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவர், தலை சுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆறாவது மாடி. "ஒண்ணுமில்ல பாப்பா, காலைல சாப்பிடாம போயிட்டேன், அவ்வளவுதான்" என்றார். கொஞ்சம் மிரட்டியதும் டாக்டர் சொன்னதும் வெளியே வந்தது. கல்லீரலில் கொழுப்பு, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, பத்து கிலோ குறைக்க வேண்டும்.

அப்பா போன வயதை அண்ணன் அடுத்த வருடம் தொடுகிறார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது.

போனிலேயே உங்களோடு பேசியிருப்பேன். ஆனால் அண்ணன் போட்ட சட்டம் இருக்கிறதே. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கரண்டி உப்பில் ஆரம்பித்து நாம் இரண்டு பேரும் போனில் போட்ட சண்டையை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. "இனிமே ரெண்டு பேரும் லெட்டர் எழுதிக்குங்க. எழுதுறப்ப யாராலயும் கத்த முடியாது" என்றார். சரி, எழுதுகிறேன்.

நாள் முழுக்கக் கடையில் நின்று மிக்சி ஓட்டிக் காட்டி விற்கிறவள் நான். பழமும் காய்கறியும் சேர்த்து அடிக்கிற ஸ்மூத்தியைத் தினம் நாற்பது பேருக்கு ஊற்றிக் கொடுக்கிறேன். என் அண்ணனுக்கு ஒரு டம்ளர் கொடுக்க முடியவில்லை. அதனால் ஒரு மிக்சியும், என் கையால் எழுதிய மூன்று அட்டைகளும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முதல் அட்டை வாழைப்பழமும் கீரையும். இரண்டாவது கேரட்டும் ஆரஞ்சும். மூன்றாவது முழுப் பச்சை: வெள்ளரி, சுரைக்காய், ஆப்பிள், இஞ்சி. ஒவ்வொன்றையும் பன்னிரண்டு நாள் கொடுங்கள். தண்ணீரை முதலில் ஊற்றுங்கள், பிறகு மென்மையானது, பிறகு கெட்டியானது. சர்க்கரை வேண்டாம். வடிகட்ட வேண்டாம், சத்தெல்லாம் சக்கையில்தான் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாததை எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம் அண்ணி.

அன்புடன்,
பாப்பா


ஜூன் 15

பாப்பாவுக்கு,

நாற்பது வயதுப் பெண்ணைப் பாப்பா என்று எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு வழக்கம், மாற்ற நான் யார்.

மிக்சி வந்தது. முதல் நாள் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "சுவத்துல துளை போடுறீங்களா" என்று கேட்டார். உன் அட்டைகளும் வந்தன. முதல் அட்டையில் இரண்டு பிழை. பென்சிலால் திருத்திவிட்டேன், அச்சகத்தில் பதினெட்டு வருடம் பிழை திருத்தியவளின் கை சும்மா இருக்காது. மூன்றாவது அட்டையில் ஒரு வரியைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறாய். பிழை என்றால் ஒரு கோடு போதும். மேலும் கீழும் நாலு முறை இழுத்து மூடியிருக்கிறாய். அது பிழை இல்லை, சொல்ல வந்து விழுங்கிய சொல். என்னைப் பற்றி என்ன எழுதினாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால் சண்டை வரும், சட்டத்தை மீறியதாகிவிடும்.

அவர் குடிக்கிறார். காலை ஆறு மணிக்கு டம்ளரை நீட்டினால் ஒரே மூச்சில் குடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. மூன்று வருடமாக எந்தச் சாப்பாட்டைப் பற்றியும் அவர் வாயைத் திறப்பதில்லை, அது உனக்கும் தெரியும். நான் ருசி பார்ப்பதில்லை. உன் செய்முறைப்படி அடித்துக் கொடுக்கிறேன், அதோடு என் வேலை முடிந்தது. உன் கைப்பக்குவம் என் நாக்கில் படாது என்று அன்றைக்குச் சண்டையில் சொன்னேன், சொன்னதுதான்.

இனி எழுதுவது உன்னோடு இருக்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெரு முனை திரும்பும் வரை வாசலில் நிற்கிறேன். அச்சகத்தில் போன் அடித்தால் படித்த வரியையே திரும்பப் படிக்கிறேன். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் நிற்கிறாரோ என்றுதான் நாள் முழுக்க நினைப்பு. இப்படிப் பயந்ததை அவரிடம் சொல்லிவிடாதே.

இரண்டு கிலோ குறைந்திருக்கிறார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இப்படிக்கு,
அண்ணி


ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு கிலோ என்ற வரியைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கணக்கு எழுதும் அம்மா உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க கோபக்காரங்களா இருப்பாங்க போலிருக்கே" என்றார். இல்லை, பயந்தவர் என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் பயப்படுவதைப் படித்ததும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. நான் ஒருத்தி மட்டும் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடித்த வரியில் உங்களைத் திட்டவில்லை அண்ணி. சத்தியமாக இல்லை. ஏதோ எழுத்துப் பிழை, அவசரத்தில் அடித்துவிட்டேன், விட்டுவிடுங்கள்.

எப்படி இருக்கிறது என்று அண்ணனிடம் நானும் கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு பேரும் நல்லா இருங்க, அது போதும்" என்கிறார். இதெல்லாம் ஒரு பதிலா. ஜூலை பிறந்தால் மூன்றாவது அட்டை. கடையில் அதற்குத்தான் கிராக்கி அதிகம். சுரைக்காயைப் பிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள், இல்லாவிட்டால் பாதியைத் தொட்டியில் ஊற்றிவிடுவார்.

அன்புடன்,
பாப்பா


ஜூலை 2

பாப்பாவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மகள் உனக்குப் போன் செய்து அப்பாவுக்கு வயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருப்பாள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். நீ வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னதும் நான்தான்.

நேற்றுக் காலை மூன்றாவது அட்டையை ஆரம்பித்தேன். சுரைக்காய் வாங்கவில்லை. மொட்டைமாடி டிரம்மில் தானாக முளைத்த கொடி ஒன்று காய்த்திருந்தது. மருந்து அடிக்காத காய், அவருக்கு நல்லது என்று ஆசையாகப் பறித்துப் போட்டேன். முதல் வாய் குடித்தவர் ஒரு நொடி நின்றார். என்னைப் பார்த்தார். நீ சொன்னபடி நான் பக்கத்திலேயே நின்றேன். மீதியையும் குடித்தார். டம்ளரைக் கழுவினார்.

அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தரையில் சரிந்தார். வாந்தி நிற்கவில்லை. நான்காவது தடவை ரத்தம் வந்தது பாப்பா. வெள்ளை ஓடு முழுக்க. நானும் மகளும் அவரை எப்படிக் கீழே இறக்கினோம் என்று எனக்கு நினைவில்லை. இங்கே வரும்போது நாடி கிடைக்கவில்லை என்று நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

டாக்டர் சின்னப் பெண். நின்றபடியே கேட்டாள்.

"என்ன குடிச்சார்?"

சொன்னேன்.

"குடிக்கும்போது கசந்துச்சாம்மா?"

"தெரியாது" என்றேன்.

"நீங்க குடிச்சுப் பாக்கலையா?"

இல்லை என்று தலையாட்டினேன். எழுதிக்கொண்டு போய்விட்டாள். கசந்த சுரைக்காய் விஷம், ஒரு டம்ளர் சாறு ஆளையே கொண்டுபோய்விடும் என்று பிறகு நர்ஸ்தான் சொன்னாள்.

அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். கை சில்லென்று இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள்.

உன்னோடு போனில் பேச எனக்குத் தைரியம் இல்லை. பேசினால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணி


ஜூலை 3

அண்ணி,

கூரியர்காரர் கடையிலேயே வந்து கொடுத்தார். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, அணைக்க மறந்து நின்றேன்.

நான் பொய் சொல்லிவிட்டேன். அடித்த வரி எழுத்துப் பிழை இல்லை. அதில் எழுதியிருந்தது இதுதான்: ‘சுரைக்காயைப் போடும் முன் ஒரு துண்டை வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயையே தூக்கிப் போடுங்கள்.’ கடையில் நாங்கள் ஒவ்வொரு காயையும் அப்படித்தான் பார்க்கிறோம். அதை எழுதி முடித்ததும், அன்றைக்கு நீங்கள் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. "எனக்குச் சமைக்கக் கத்துக்கொடுக்க வராதே." காயை ருசி பார்க்கக்கூட இவள் எனக்குச் சொல்லித் தருகிறாளா என்று நீங்கள் நினைப்பீர்களே என்று பயந்து, மையால் மூடிவிட்டேன். உங்கள் கோபத்துக்குப் பயந்தேன் அண்ணி. பயப்பட வேண்டியதற்குப் பயப்படவில்லை.

அண்ணன் பக்கத்தில் நில்லுங்கள் என்று எழுதியதும் நான்தான். இரண்டையும் நான்தான் செய்தேன்.

நான் வரட்டுமா? தள்ளி நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். நீங்கள் இருக்கும் பக்கம் வரமாட்டேன். ஒரு வரி எழுதுங்கள்.

பாப்பா


ஜூலை 6

அண்ணி,

பதில் இல்லை. மகள் போனை எடுக்கிறாள், "அப்படியேதான் இருக்காரு அத்தை" என்கிறாள். அப்படியே என்றால் எப்படி என்று கேட்காமலே போனை வைத்துவிடுகிறேன்.

நேற்று பஸ் நிலையம் வரை போனேன். உங்கள் ஊர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியை எடுத்ததும் இறங்கிவிட்டேன். நீங்கள் வராந்தாவில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குப் பிறகு எனக்கு அண்ணன் வீடு என்று ஒன்று இருக்காது.

கடையில் என்னை வேறு பகுதிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெள்ளரியைக்கூட என்னால் நறுக்க முடியவில்லை. ஒரு குழந்தை டம்ளரை வாயில் வைத்தது, பிடுங்கிவிட்டேன். அதன் அம்மா சத்தம் போட்டாள்.

திட்டியாவது எழுதுங்கள்.

பாப்பா


ஜூலை 8

பாப்பா,

அவர் பிழைத்துவிட்டார். இதைத்தான் முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

நேற்று வார்டுக்கு மாற்றினார்கள். உன் இரண்டு கடிதமும் என் பையில் இருக்கின்றன. பதில் எழுதாதது வேண்டுமென்றேதான். முதல் இரண்டு நாள் உன்னை மனதார வெறுத்தேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அடித்த வரியில் என்ன இருக்கிறது என்று உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். மகளை அனுப்பி அட்டையை எடுத்துவரச் சொல்லி, வராந்தா ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அடித்த எழுத்தைப் படிப்பதுதானே என் பிழைப்பு. முதலில் ‘கசந்தால்’ தெரிந்தது. பிறகு முழுவதும் தெரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதே அட்டையைப் பதினைந்து நாள் முன்னால் ஜன்னலில் வைத்துப் பார்த்திருக்கலாம். என்னைத் திட்டியிருக்கிறாய் என்ற முடிவோடு அடுப்படி ஆணியில் மாட்டிவைத்தேன்.

நேற்று அவரிடம் கேட்டேன்.

"கசந்துச்சா?"

"ம்."

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "கசக்குதுன்னு சொன்னா நீ அவளைத் திட்டுவ. அவ அழுவா. ஒரு டம்ளர்தானேன்னு குடிச்சுட்டேன்."

நீ ஒரு வரியை விழுங்கினாய், நான் ஒரு துண்டை வாயில் வைக்க மறுத்தேன், நம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றவர் மிச்சத்தைக் குடித்துவிட்டார்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. தண்ணீரைக்கூட நான் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். நர்ஸ் சிரிக்கிறாள். இன்று காலை ஆஸ்பத்திரி சூப் வந்தது. நான் ஒரு வாய் குடித்துவிட்டு அவரிடம் நீட்டினேன். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "நல்லாவே இல்ல" என்றார். மூன்று வருடத்தில் முதல் குறை. வார்டில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

மூன்றாவது அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். நீ அடித்த வரிக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்திருப்பதைப் பார். பிழை திருத்தும்போது, தவறாக அடித்துவிட்ட வரி அப்படியே இருக்கட்டும் என்று சொல்வதற்கு நாங்கள் அப்படித்தான் புள்ளி வைப்போம். இனி என் கோபத்துக்குப் பயந்து எதையும் அடிக்காதே.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன் நீ இங்கே இருக்க வேண்டும். இந்த முறை பஸ்ஸிலிருந்து இறங்காதே. வயிறு ஆறியதும் முதல் அட்டையிலிருந்து திரும்ப ஆரம்பிக்கலாம் என்கிறாள் அந்த டாக்டர் பெண், காயை ருசி பார்த்துப் போட்டால் போதுமாம். மிக்சியைத் தொட எனக்குத் தனியாகத் தைரியம் இல்லை. நீ நறுக்கு, நான் ருசி பார்க்கிறேன்.

ஏறியதும் எனக்குப் போன் செய். என் நம்பர் மாறவில்லை.

அண்ணி