பதினோரு மூன்றாம் பாகங்கள்

ஜனவரி 4

முழங்காலில் கட்டு. ஆறு வாரம் படி இறங்கக் கூடாதாம். மத்தி மீன் ஆலையில் முப்பத்தொரு வருடம் நின்றே வேலை பார்த்தவளை உட்காரச் சொல்கிறார் மருத்துவர்.

பக்கத்து வீட்டு சல்ஹாவிடம் சொல்லிக் கட்டிலடிப் பெட்டியை இழுக்க வைத்தேன். அப்பாவின் புத்தகங்களில் என் பங்கு. பதினோரு கதைகள், ஒவ்வொன்றும் மூன்று பாகம். முதலிரண்டு பாகங்கள் தம்பி அம்மார் வீட்டில், கடைசிப் பாகம் மட்டும் என்னிடம். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. பாகப்பிரிவினை நடந்து பத்தொன்பது வருடம். அன்றிலிருந்து பெட்டியைத் திறக்கவில்லை. அவனோடு பேசவும் இல்லை.

இந்த வருடம் பதினொன்றையும் படித்து முடிப்பேன்.

ஜனவரி 15

முதல் பக்கத்திலேயே ஒருத்தி அழுகிறாள். யார் செத்தது? தெரியவில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

சல்ஹா சிரிக்கிறாள். "கல்யாண வீட்டுக்குத் தட்டு கழுவுற நேரத்துல போய் நிக்கிற மாதிரி இருக்குடி உன் படிப்பு."

பிப்ரவரி 20

இரண்டு முடிந்தது. கட்டு பிரித்தாயிற்று.

தொடக்கங்களை நானே ஊகித்து இந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஆலையில் டப்பா மேல் ஒட்டும் சீட்டைப் பார்த்து எழுத்துக் கற்றவள் நான். ஒரு கதைக்குத் தலை வைக்கத் தெரியாதா?

மார்ச் 11

"நகராட்சி நூலகத்துல மூணு பாகமும் இருக்கும். போய் வாங்கிட்டு வாயேன்" என்கிறாள் சல்ஹா.

மாட்டேன். என் பங்கை மட்டும்தான் படிப்பேன்.

ஏப்ரல் 22

பெருநாள். வழக்கம்போல அம்மாரின் மனைவி வனாஸா மக்ரூத் பலகாரத் தட்டோடு வாசலில். வழக்கம்போல வேண்டாம் என்றேன். அவள் போகவில்லை.

"அண்ணி, நீங்க கடைசிப் பாகமெல்லாம் படிக்கிறீங்கன்னு சல்ஹா சொன்னா. அவர் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னார். கோவிச்சுக்கிட்டுக் கப்பலேறிப் போனானாமே ஒருத்தன், அவன் திரும்பி வந்தானான்னு."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. ஆறாவது புத்தகம், அட்டையில் கப்பல் படம். அதை இன்னும் படிக்கத் தொடங்கவில்லை.

"முப்பது வருஷம் பாடம் நடத்தின வாத்தியார்தானே? கண்டுபிடிச்சுக்கட்டும்" என்றேன்.

பேச்சு மும்முரத்தில் தட்டைக் கையில் வாங்கிவிட்டேன். அவள் இறங்கிப் போன பிறகுதான் பார்த்தேன். புத்திகெட்டவள்! தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது வீட்டுக்கு ஆகாது. என்ன வைத்து அனுப்புவது? அவனுக்கா? அனுப்புவதா?

ஏப்ரல் 23

மக்ரூத் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 9

கப்பல்காரன் திரும்பி வந்தான். ஒன்பது வருடம் கழித்து, தாடி நரைத்து, துறைமுகத்தில் மூட்டையோடு நிற்கிறான். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, அக்காவுக்கு மட்டும் தெரிகிறது. அவன் எதற்காகப் போனான் என்றே தெரியாமல் அழுதேன். அழுதது எனக்கே பிடிக்கவில்லை.

கடன் தகராறில் கோபித்துக்கொண்டு ஓடியிருப்பான் என்று பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

ஆகஸ்ட் 2

வெயில். எட்டாவது. தட்டு அடுக்களை அலமாரியில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

செப்டம்பர் 17

ஒன்று எழுத வேண்டும். இங்கேகூட எழுதாவிட்டால் எங்கே எழுதுவது?

புத்தகங்களைப் பாகம் பாகமாகப் பிரிக்கச் சொன்னது வேறு யாரும் இல்லை. நான்தான்.

பாகப்பிரிவினை அன்று பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மார் எழுந்து, "எல்லாப் புத்தகத்தையும் நீயே எடுத்துக்கோக்கா. எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பழகலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய அன்று சிரித்த அதே சிரிப்பு. "பிச்சை வேண்டாம், ஒவ்வொண்ணுலயும் மூணுல ஒண்ணு குடு" என்றேன். எந்தப் பாகம் என்று கேட்டார்கள். "கடைசி" என்றேன். ஒரு கதையின் முடிவும் அவனுக்குத் தெரியக் கூடாது. அதுதான் என் கணக்கு.

அவன் சொன்னதில் பின்பாதி மட்டும்தான் இத்தனை வருடமும் காதில் இருந்தது. முன்பாதியும் சொன்னான்தான்.

அதற்காக நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடாது.

நவம்பர் 26

பதினொன்றும் முடிந்தது.

டிசம்பர் 3

இந்த வருடத்துப் புது ஆலிவ் எண்ணெய் வந்திருக்கிறது. ஒரு புட்டி எடுத்துத் தட்டில் வைத்தேன். நிறைவாக இல்லை. கப்பல்காரனின் மூன்றாம் பாகத்தையும் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். சல்ஹா கொண்டுபோனாள்.

"ஏதாவது சொல்லணுமா?"

"எண்ணெய் கசிஞ்சு புத்தகத்துல படாம பாத்துக்கச் சொல்லு."

டிசம்பர் 14

அம்மார் வந்தான். கிழவனாகிவிட்டான். கையில் அதே தட்டு, அதன்மேல் கப்பல்காரன் கதையின் முதல் இரண்டு பாகங்கள்.

"தட்டு சும்மா வரக்கூடாதில்லக்கா."

"படி ஏறினதுல மூச்சு வாங்குது. உக்காரு."

உட்கார்ந்தான். "இத்தனை வருஷமும் அவன் கடல்லயே செத்துட்டான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றான்.

"எதுக்குடா போனான்? கடனா?"

"சொல்ல மாட்டேன். நீயே படி."

"வாத்தியார் புத்தி போகுதா பார்."

இரண்டு கோப்பை தேநீர் குடித்தான். சர்க்கரை கூடாதாம். மூன்று கரண்டி போட்டுக்கொண்டான். படித்துப் பழகலாம் என்றெல்லாம் இந்த முறை சொல்லவில்லை.

டிசம்பர் 31

இந்த வருடம் படித்தது: பதினோரு முடிவுகள், ஒரு தொடக்கம். சில நல்லவை. இரண்டு வெறும் குப்பை, முதல் பாகம் எப்படியிருந்தாலும் குப்பைதான். தொடக்கம் பற்றி நான் ஊகித்ததில் இதுவரை சரிபார்த்தது ஒன்று, அதுவும் தப்பு.

கடன் இல்லை. ஒரு வெள்ளாடு! தோட்டத்தில் மேய்ந்த ஆடு யாருடையது என்று அக்காவோடு சண்டை. அவள் ஏதோ சொன்னாள், இவன் ஏதோ சொன்னான், கப்பலேறிவிட்டான். ஒரு ஆட்டுக்காக ஒன்பது வருடமா? மடையன்.

மடையன் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்திருந்தேன்.

தட்டைக் கழுவித் துடைத்தாயிற்று. நாளைக்கு எந்த மூன்றாம் பாகத்தை வைப்பது என்று பார்க்க வேண்டும். இன்னும் பத்து இருக்கிறது. குப்பை இரண்டையும் கடைசியில் அனுப்பலாம்.